ஒன்றரை வயதாகியும் பேசவில்லை: குழந்தையின் வளர்ச்சியை எங்கே காட்டிப் பார்ப்பது?

"கூப்பிட்டால் திரும்புவதில்லை, ஆனால் டி.வி.யில் விளம்பரம் வந்தால் எங்கிருந்தாலும் ஓடி வந்துவிடுகிறான்." "பதினைந்து மாதம் முடிந்துவிட்டது, இன்னும் தனியாக நடக்கவில்லை." "ஒன்றரை வயது, அம்மா என்றுகூடச் சொல்லவில்லை." சின்னப் பிள்ளை இருக்கும் வீடுகளில் இந்த மூன்றில் ஒன்று எப்போதாவது பேச்சாக வரும். வந்தவுடன் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். "அவன் அப்பனே மூணு வயசுலதான் பேசினான்" என்பார் பாட்டி. அப்பா போனில் ஒரு பட்டியலைத் தேடி எடுப்பார். அம்மாவுக்கு யாரோ ஒரு தெரபி சென்டரின் நம்பரை அனுப்பியிருப்பார்கள். சொந்தக்காரர் ஒருவர், "கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் இதுக்குன்னே ஒரு இடம் இருக்காமே" என்பார்.

எங்கே போவது என்று முடிவாகாமலேயே மூன்று மாதம் ஓடிவிடும். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு மூன்று மாதம் என்பது அது பிறந்து வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு.

தமிழ்நாட்டில் இருக்கும் பெற்றோருக்கு ஐந்து வழிகள் இருக்கின்றன: வீட்டிலேயே பட்டியலை வைத்துப் பார்ப்பது, அங்கன்வாடி வழியாகப் போவது, தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவரிடம் கேட்பது, வளர்ச்சித் தாமதத்தைச் சீக்கிரமே கண்டு தெரபி தரும் மாவட்ட அரசு மருத்துவமனையின் இடையீட்டு மையம், தனியார் தெரபி மையம். இதில் எந்த டெஸ்ட் துல்லியமானது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதை இரண்டாவதாக வைப்பேன். "ஆமாம், பிள்ளை கொஞ்சம் பின்தங்கித்தான் இருக்கிறது" என்று தெரிந்துவிட்டால், மறுநாளே அந்த இடம் நமக்கு என்ன செய்து தரும்? அதுதான் முதல் கேள்வி.

## எதை வைத்து எடை போடுவது

முதலாவது, கிடைக்கும் பதில் எந்த வகை என்பது. இதில் இரண்டு படிகள் உண்டு. நிறையப் பிள்ளைகளைச் சலித்து, "இந்தப் பிள்ளையை இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டும்" என்று பிரித்தெடுப்பது முதற்கட்டப் பரிசோதனை. ஸ்கிரீனிங் என்பார்கள். அப்படிப் பிரிந்து வந்த பிள்ளையை ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ உட்காரவைத்து, எந்தத் துறையில் எத்தனை மாத வளர்ச்சி இருக்கிறது, ஏன் என்று பார்ப்பது முழு மதிப்பீடு. முதல் படியில் "சந்தேகம்" என்று வந்ததைக் கேட்டு இடிந்து உட்காருவதும், "பரவாயில்லை" என்று வந்ததை முழு மதிப்பீடாக நினைத்து நிம்மதியாக இருந்துவிடுவதும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான்.

இரண்டாவது, அந்த இடத்தில் பிள்ளை தன்னுடைய இயல்பைக் காட்டுமா என்பது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததுமே அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளை கட்டை அடுக்கிக் காட்டாது. வீட்டில் பத்து வார்த்தை சொல்கிற பிள்ளை அங்கே ஒன்றும் சொல்லாது.

மூன்றாவது செலவு. கன்சல்டிங் ஃபீஸ் சின்ன விஷயம். அதைச் சுற்றியிருக்கும் லீவு, போகிற தினக்கூலி, பஸ் கட்டணம், பெரிய பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், அப்புறம் மாதக்கணக்கில் நீளும் தெரபி, இவைதான் பெரியவை.

நான்காவது, மேலே சொன்னதுதான்: பிறகு என்ன?

ஐந்தாவதாக ஒன்றும் உண்டு, காகிதம். உதவித்தொகை, காப்பீடு, பள்ளிச் சலுகை என்று பின்னால் எதற்காவது மாற்றுத்திறனாளி சான்றிதழ் தேவைப்பட்டால் அது அரசு மருத்துவர்கள் வழியாகத்தான் வர வேண்டும். தனியார் மையத்தின் அழகான ஃபைல் அங்கே துணை ஆவணம் மட்டுமே.

| வழி | கிடைக்கும் பதில் | நேரடிச் செலவு | மறைந்திருக்கும் செலவு | பிறகு |
|---|---|---|---|---|
| வீட்டில் பட்டியல் | "கேட்க வேண்டுமா, வேண்டாமா" மட்டும் | இல்லை | தள்ளிப்போடும் மாதங்கள் | நாமே அடுத்த இடம் தேட வேண்டும் |
| அங்கன்வாடி, நடமாடும் மருத்துவக் குழு | முதற்கட்டப் பரிசோதனை | இல்லை | குழு வரும் நாள்வரை காத்திருப்பு | மாவட்ட மையத்துக்குப் பரிந்துரை |
| குழந்தை மருத்துவர் | முதற்கட்டம், உடல் காரணம் தேடல் | ஃபீஸ், டெஸ்ட் | தேதி இல்லாத "பொறுத்துப் பார்ப்போம்" | காது, கண், ரத்தப் பரிசோதனை. மேல் பரிந்துரை |
| மாவட்ட இடையீட்டு மையம் | முழு மதிப்பீடு | இல்லை | பயணம், கூலி இழப்பு | அங்கேயே தெரபி, சான்றிதழுக்கு வழி |
| தனியார் மையம் | மையத்தைப் பொறுத்தது | அதிகம் | நீளும் பேக்கேஜ் | உடனே தெரபி |

## வீட்டிலேயே பார்ப்பது

எல்லோரும் தொடங்கும் இடம் இதுதான், தொடங்க வேண்டிய இடமும் இதுதான். கர்ப்பக் காலத்தில் கொடுத்த தாய் சேய் நல அட்டை வீட்டில் இருக்கும். அதில் தடுப்பூசிப் பக்கத்தைத் தவிர வேறு பக்கத்தை நாம் புரட்டுவதில்லை. எந்த மாதத்தில் பிள்ளை என்ன செய்யும் என்பதைப் படத்தோடு அதிலேயே போட்டிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல்களில் ஒரு சிக்கல் இருக்கிறது. "12 மாதம்: நடக்கும்" என்று போட்டிருந்தால், எத்தனை பிள்ளைகள் 12 மாதத்தில் நடக்கும்? எல்லாமா, பாதியா? பழைய பட்டியல்கள் பலவும் சராசரியை வைத்து எழுதப்பட்டவை. அதாவது அந்த வயதில் ஏறத்தாழப் பாதிப் பிள்ளைகள் அதைச் செய்திருக்காது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2022-இல் தன் பட்டியலைத் திருத்தியபோது இதைத்தான் மாற்றியது. நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்யும் என்று எதிர்பார்க்கக்கூடிய வயதில்தான் ஒவ்வொரு திறனும் இப்போது அதில் இருக்கிறது. ஆகவே அந்தப் பட்டியலில் ஒன்று தவறினால் "எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரியா" என்று விட்டுவிடக் கூடாது, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். 15 மாதத்துக்கும் 30 மாதத்துக்கும் தனிப் பட்டியல் அப்போதுதான் சேர்ந்தது. தவழ்வதை அதிலிருந்து எடுத்தேவிட்டார்கள்.

தவழாத பிள்ளையைப் பற்றிக் கவலைப்படும் அம்மாக்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு உதவும். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, உட்காருவதிலிருந்து நடப்பதுவரை ஆறு திறன்களுக்கு வயது எல்லைகளை 2006-இல் வெளியிட்டார்கள். துணையில்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். எவ்வளவு அகலமான இடைவெளி பாருங்கள். நூற்றுக்கு நான்கு பிள்ளைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழவே இல்லை, நேராக எழுந்து நடந்துவிட்டன. பதினைந்து மாதத்தில் நடக்காத பிள்ளை இந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. பதினெட்டு மாதத்திலும் நடக்காத பிள்ளை எல்லையைத் தாண்டிவிட்டது. (சீக்கிரம் நடக்கட்டும் என்று வாக்கர் வாங்கிப் போட வேண்டாம். அது நடையைத் தாமதப்படுத்துகிறது, படியில் உருண்டு விழும் ஆபத்தும் உண்டு. கனடா 2004-இல் அதை விற்கவே தடை செய்தது.)

குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்குக் கணக்கே வேறு. இரண்டு மாதம் முந்திப் பிறந்திருந்தால், பதினான்கு மாதப் பிள்ளையைப் பன்னிரண்டு மாதப் பட்டியலில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வயதுவரை இப்படிக் கழித்துக்கொள்வது வழக்கம்.

வீட்டில் பார்ப்பதன் பெரிய பலம், பிள்ளை தன் இடத்தில் தானாக இருக்கிறது. தட்டில் நாலு பொரியைப் போட்டுப் பாருங்கள். ஏழெட்டு மாதப் பிள்ளை உள்ளங்கையால் வாரி இழுக்கும். ஒரு வயதை ஒட்டிய பிள்ளை கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து ஒரே ஒரு பொரியைப் பொறுக்கி எடுக்கும். (பக்கத்திலேயே இருங்கள், வாயில்தான் போகும்.) நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும்போது பிள்ளை எதைப் பார்க்கிறது? உங்கள் விரலையா, விரல் காட்டும் திசையையா, உங்கள் முகத்தையும் நிலாவையும் மாறி மாறியா? ஒன்றரை வயதில் தானாக விரல் நீட்டி "அங்க பாரு" என்கிற மாதிரி உங்களுக்கு எதையாவது காட்டுகிறதா? எத்தனை வார்த்தை சொல்கிறது என்பதைவிட இந்த விரல் நீட்டுதலுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பேன். பேச்சு தாமதமானாலும் விரல் நீட்டி, கண்ணைப் பார்த்து, இழுத்துக்கொண்டு போய்க் காட்டும் பிள்ளை பிறரோடு உறவாடுகிறது. விரலும் நீளவில்லை, பெயருக்கும் திரும்பவில்லை என்றால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வார்த்தைகளை எண்ணும்போது வீட்டில் புழங்கும் எல்லா மொழியையும் சேர்த்து எண்ணுங்கள். அம்மாவிடம் தமிழ், ஆயாவிடம் தெலுங்கு என்று வளரும் பிள்ளைக்கு இரண்டு மொழிகளால் பேச்சுக் குறைபாடு வராது.

இந்த வழியின் மறைந்திருக்கும் செலவு காலம்தான். "அடுத்த மாதம் பார்ப்போம்" என்பதற்கு யாரும் பில் போடுவதில்லை, அதனால் அது தெரிவதில்லை. கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டுப் பட்டியலோடு நிற்காமல் வெளியே போய்விடுங்கள்:

- 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை, டாட்டா காட்டுவது, விரல் நீட்டுவது எதுவும் இல்லை
- 16 மாதத்தில் ஒரு வார்த்தையும் இல்லை
- 18 மாதத்தில் தனியாக நடக்கவில்லை
- 24 மாதத்தில் "அம்மா வா", "பால் வேணும்" போல இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லவில்லை
- ஒரு வயதுக்கு முன்பே எப்போதும் ஒரே கையைத்தான் நீட்டுகிறது, மறு கை மடங்கியே இருக்கிறது
- எந்த வயதானாலும், சொல்லிக்கொண்டிருந்த வார்த்தையோ செய்துகொண்டிருந்த செயலோ நின்றுவிட்டது

கடைசியில் இருப்பது மிக முக்கியம். வந்த பேச்சு போவதை "திருஷ்டி" என்று சுற்றிப்போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

## அங்கன்வாடியும் நடமாடும் குழுவும்

ஊர்ப்புறத்தில் பால்வாடி என்றுதான் இன்னும் சொல்கிறோம். 1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கை அது. எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது என்று பொதுவாகத் தெரியும். அதோடு 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற மத்தியத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். பிறவிக் குறைபாடு, சத்துக்குறைவு, சிறுவர் நோய், வளர்ச்சித் தாமதம் என்ற நான்கையும் பார்த்து, சந்தேகம் உள்ள பிள்ளையை மாவட்ட மையத்துக்கு அனுப்புவது அந்தக் குழுவின் வேலை.

இதன் பலம் பலருக்குத் தோன்றாத ஒன்று. அங்கன்வாடி ஆசிரியை ஒரே வயதுப் பிள்ளைகள் பலரைத் தினமும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறார். நம் வீட்டில் ஒரு பிள்ளைதான், ஒப்பிட ஆளில்லை. குடும்பத்தையும் அவருக்குத் தெரியும். அவரே வந்து, "இவனை ஒருதரம் டாக்டர்கிட்ட காட்டுங்கக்கா" என்று சொன்னால் அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பேச்சைத் தொடங்குவது அவருக்கும் எளிதல்ல.

இப்படிப்பட்ட களப்பணிக்கென்றே நம் பக்கத்து மாநிலத்தில் ஒரு கருவி பிறந்தது. திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய டி.டி.எஸ்.சி. விளக்கப்படத்தில் இரண்டு வயதுவரைக்கும் 17 திறன்கள்தான், ஒரே ஒரு பக்கம். ஒவ்வொரு திறனுக்கும் ஒரு பட்டை. பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலையோ ஸ்கேலையோ நெட்டுக்குத்தாக வைக்க வேண்டும். ஸ்கேலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன பட்டைகளில் ஏதாவது ஒன்றைப் பிள்ளை இன்னும் செய்யவில்லை என்றால், மேலே அனுப்ப வேண்டும். ஐந்து பத்து நிமிட வேலை. ஆனால் இதைச் சோதித்துப் பார்த்தபோது, தாமதம் உள்ள பிள்ளைகளில் மூன்றில் இரண்டு பங்கைத்தான் பிடித்தது. மீதி ஒரு பங்கு நழுவியது. பின்னர் இதை மூன்று வயதுக்கும் ஆறு வயதுக்கும் நீட்டித் திருத்தினார்கள். எந்தக் குறுகிய பரிசோதனையிலும் "சரியாக இருக்கிறது" என்ற பதிலை இந்த மூன்றில் ஒன்றை நினைவில் வைத்துத்தான் கேட்க வேண்டும். உங்கள் மனம் உறுத்திக்கொண்டே இருந்தால் அடுத்த இடத்துக்குப் போவதில் தவறில்லை.

இங்கே மறைந்திருக்கும் செலவு காத்திருப்பு. குழு போன மாதம்தான் வந்து போயிருந்தால் அடுத்த முறைக்குப் பல மாதம் ஆகும். நகரத்து அபார்ட்மென்ட் பிள்ளைகள் அங்கன்வாடிப் பதிவேட்டிலேயே இருக்காது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பல பிள்ளைகள் சத்துமாவுக்காகப் பெயர் இருந்தும் நேரில் வராது. குழு வரும் தேதியை முன்பே கேட்டு அன்று பிள்ளையைக் கூட்டிப்போவது நம் பொறுப்பு.

## தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவர்

பெரும்பாலான குடும்பங்களுக்கு முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான் என்பது என் எண்ணம். இரண்டு காரணங்கள்.

ஒன்று, அவர் உடல் காரணத்தைத் தேடுவார். பேசாத பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது காது. பிறந்தபோது செய்த ஓ.ஏ.இ. என்ற காது பரிசோதனையில் தேறியிருந்தாலும் பிறகு கேட்கும் திறன் குறையலாம். கதவு அடித்தால் திரும்புகிறதே என்று இருந்துவிடக் கூடாது. பெரிய சத்தம் கேட்டும் பேச்சொலி தெளிவாகக் கேட்காத பிள்ளைகள் உண்டு. பெரா என்ற பரிசோதனை இதைச் சொல்லிவிடும். கேட்கும் திறன் மிகக் குறைவு என்று தெரிந்தால், சின்ன வயதிலேயே காக்ளியர் கருவி (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி) பொருத்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வயது ஏற ஏற பலன் குறையும். தைராய்டு, இரும்புச்சத்து, பார்வை என்று வேறு காரணங்களையும் மருத்துவர்தான் பார்க்க முடியும். காதைச் சோதிக்காமல் ஸ்பீச் தெரபி தொடங்கக் கூடாது.

இரண்டாவது, எப்படியும் ஊசிக்குப் போகத்தான் போகிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவச் சங்கம் 9, 18, 30 மாதங்களில் முறையான கருவியை வைத்து எல்லாப் பிள்ளைகளையும் பார்க்கச் சொல்கிறது. பிறரோடு உறவாடுவதில் சிரமம் காட்டும் ஆட்டிசத்துக்குத் தனியாக 18, 24 மாதங்களில். நம் அரசு அட்டவணையில் 9 மாதத்துக்கு எம்.ஆர். என்ற தட்டம்மை, ரூபெல்லா ஊசி, 16-லிருந்து 24 மாதத்துக்குள் அடுத்த தவணைகள். ஆகவே 9 மாதமும் 18 மாதமும் ஊசி நாளோடு ஒட்டிவருகின்றன. பிரச்சினை அதற்குப் பிறகுதான். இரண்டு வயது முடிந்தபின் அரசு அட்டவணையில் அடுத்த டி.பி.டி. பூஸ்டர் ஐந்து வயதில். பேச்சும் விளையாட்டும் வேகமாக வளர வேண்டிய நேரத்தில், காய்ச்சல் வந்தாலொழிய மருத்துவரிடம் போகக் காரணமே இல்லாமல் போகிறது. இரண்டரை வயதில் ஒருமுறை, ஊசியும் இல்லாமல் காய்ச்சலும் இல்லாமல், வளர்ச்சியைப் பார்ப்பதற்காக மட்டும் போய் வாருங்கள்.

ஆனால் நெரிசலான ஓ.பி.யில் பிள்ளைக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பார்வையாலேயே "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிடும் நிலை. அதனால் நேராகக் கேளுங்கள்: "டாக்டர், வளர்ச்சிக்கு ஒரு சார்ட் வெச்சுப் பார்த்துச் சொல்ல முடியுமா?" ஆட்டிச சந்தேகம் என்றால் எம்-சாட் என்ற கேள்வித்தாள் இருக்கிறது. 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கு, 20 கேள்விகள், ஆமாம் இல்லை என்று பெற்றோரே பதில் சொல்லலாம், இலவசம். மூன்று மதிப்பெண்ணுக்குக் கீழே இருந்தால் ஆபத்து குறைவு, எட்டும் அதற்கு மேலும் என்றால் நேராக மதிப்பீட்டுக்குப் போக வேண்டும், நடுவில் இருந்தால் மருத்துவர் ஒவ்வொரு கேள்வியையும் மறுபடி விளக்கிக் கேட்க வேண்டும். அந்த இரண்டாம் சுற்றைச் செய்யாமல் மொபைலில் தட்டிப் பார்த்து ஐந்து மார்க் வந்ததற்காக இரவெல்லாம் அழும் பெற்றோர் இருக்கிறார்கள். 2014-இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வில், இரண்டு சுற்றிலும் சந்தேகம் என்று வந்த பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிக்குத்தான் ஆட்டிசம் உறுதியானது. ஆனால் அவர்களில் நூற்றுக்கு 95 பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு வளர்ச்சிக் கவலை உண்மையாகவே இருந்தது. ஆகவே பயந்து நடுங்கவும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம்.

இந்த வழியில் மறைந்திருக்கும் செலவு "கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்போம்" என்ற வாக்கியம். பொறுப்பது சில சமயம் சரியான ஆலோசனைதான். தேதி இல்லாமல் பொறுப்பது சரியல்ல. "எத்தனை வாரம் பொறுக்கணும்? அதுக்குள்ள என்ன செய்யணும்? அப்பவும் வரலைன்னா எங்க அனுப்புவீங்க?" இந்த மூன்றுக்கும் பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள்.

## மாவட்ட இடையீட்டு மையம்

டி.இ.ஐ.சி. என்றும் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையம் என்றும் சொல்வது இதைத்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ இருக்கும். இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டுதல்.

ஒரே கூரையின் கீழ் குழந்தை மருத்துவர், பிசியோதெரபிஸ்ட், காது கேட்கும் திறனையும் பேச்சையும் பார்ப்பவர், சைக்காலஜிஸ்ட், கண் பரிசோதகர், பல் மருத்துவர், சிறப்புக் கல்வியாளர், சமூகப் பணியாளர் என்று ஒரு குழுவே இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் அமைப்பு. தனியாரில் இத்தனை பேரையும் பார்க்க ஐந்து இடத்துக்கு அலைய வேண்டும், ஐந்து ஃபீஸ் கட்ட வேண்டும். இங்கே பரிசோதனையும் தெரபியும் இலவசம். அங்கன்வாடிக் குழுவின் பரிந்துரைச் சீட்டு இருந்தால் வசதி. இல்லாவிட்டாலும் நேரே போய்க் கேட்கலாம்.

முழு மதிப்பீட்டுக்கு இந்தியக் குழந்தைகளுக்கென்று அமைந்த கருவிகளில் தெரிந்துகொள்ள வேண்டியது டாஸி. பரோடாவில் நம் நாட்டுக் குழந்தைகளை வைத்து அளவு நிர்ணயித்தது. முப்பது மாதம்வரை பயன்படும். உடலியக்கத்துக்கு 67, மனவளர்ச்சிக்கு 163 என்று செயல்கள். மணி, கட்டை, கிண்ணம் என்று ஒரு பெட்டி நிறையச் சாமான்களை ஒவ்வொன்றாகப் பிள்ளையிடம் நீட்டிப் பார்ப்பார்கள். பயிற்சி பெற்றவர்தான் செய்ய முடியும். முடிவில் இயக்கம் இத்தனை மாதம், மனவளர்ச்சி இத்தனை மாதம் என்று எண்ணாகவே கிடைக்கும். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று அளக்க அந்த எண் உதவும். எல்லா இடத்திலும் டாஸிதான் செய்வார்கள் என்றில்லை. எந்தக் கருவியில் பார்த்தீர்கள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மையம் பெரும்பாலும் மாவட்டத்துக்கு ஒன்றுதான். கடைசித் தாலுகாவிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வரும் அம்மாவுக்கு வாரம் இருமுறை தெரபி என்பது வாரம் இரண்டு நாள் கூலி போவது. இலவச தெரபி இங்கேதான் விலை கேட்கிறது, பலர் இடையில் நின்றுவிடுவதும் இதனால்தான். குழுவில் ஒரு பணியிடம் காலியாக இருந்தால் அந்தத் தெரபி மட்டும் கிடைக்காமல் போகும். தெரபிஸ்டிடம் நிலைமையைச் சொல்லி, "மாதம் ஒருமுறை வர்றோம், வீட்டுல செய்யறதைச் சொல்லிக்கொடுங்க" என்று கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைக்கு வாரத்தில் முக்கால் மணி நேரத் தெரபியைவிடத் தினமும் குளிக்கும்போதும் சோறு ஊட்டும்போதும் வீட்டார் செய்வது அதிக நேரம்.

மாவட்ட மையத்தைத் தவிரவும் இடங்கள் உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம். தொண்டு நிறுவனங்களில் சென்னையில் வித்யா சாகர், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம். வேலூர் சி.எம்.சி.யில் வளர்ச்சிக் குறைபாட்டுக்கென்றே குழந்தை மருத்துவப் பிரிவு இருக்கிறது. உங்கள் மாவட்டத்தில் எது பக்கம் என்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

## தனியார் தெரபி மையம்

சாயங்காலம் ஆறு மணிக்கும் அப்பாயின்ட்மென்ட் கிடைக்கும், வீட்டுக்குப் பக்கம், இந்த வாரமே பார்த்துவிடலாம். வேலைக்குப் போகும் பெற்றோருக்கு இது சாதாரண விஷயமல்ல. பொறுமையாக, தரமாக வேலை செய்யும் மையங்கள் இருக்கின்றன.

ஆனால் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு: பிள்ளைக்குத் தெரபி வேண்டும் என்று சொல்பவரும் தெரபியை விற்பவரும் இங்கே ஒருவரே. இருபது நிமிடம் பார்த்துவிட்டு முதல் நாளே ஆட்டிசம் என்று பெயர் வைத்து, மூன்று மாதப் பேக்கேஜுக்கு முன்பணம் கேட்டால் அங்கிருந்து கிளம்பிவிடலாம். காது பரிசோதனை ரிப்போர்ட்டைக் கேட்காத இடத்திலிருந்தும்தான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உதாரணத்துக்கு ஒரு அமர்வுக்கு 700 ரூபாய், வாரம் மூன்று முறை என்றால் மாதம் 8,400. ஸ்பீச், ஆக்குபேஷனல் (அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) என்று இரண்டு தெரபி என்றால் 16,800. மதிப்பீட்டு ஃபீஸ் எவ்வளவு என்று நாலு இடத்தில் விசாரிக்கும் நாம், இந்த மாதக் கணக்கைப் பெரும்பாலும் கேட்பதில்லை. பாதியில் பணம் தட்டுப்பட்டு நிறுத்துவதைவிட, மாதம் நான்கு அமர்வு என்று குறைவாகத் தொடங்கி வீட்டுப் பயிற்சியோடு ஒரு வருடம் விடாமல் போவது நல்லது என்பேன்.

பேச்சுப் பயிற்சியாளர், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் இந்திய மறுவாழ்வுக் கழகமான ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. தெரபி அறைக்குள் பெற்றோரை விடுவார்களா என்று கேளுங்கள். கதவைச் சாத்திவிட்டு முக்கால் மணி கழித்துப் பிள்ளையைத் திருப்பித் தரும் இடத்தில் நீங்கள் கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் ஊசி, "மூளையைத் தூண்டும்" மெஷின் என்று லட்சக்கணக்கில் கேட்டால் வேண்டாம். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் பலன் தருகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை.

## எந்த நிலைமைக்கு எது

எந்தக் கவலையும் இல்லை, சும்மா தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் தாய் சேய் அட்டையும் ஊசி நாளில் மருத்துவரிடம் கேட்கும் ஒரு கேள்வியும் போதும். தனியார் மையத்தில் "பேபி அசெஸ்மென்ட்" பேக்கேஜ் தேவையில்லை.

ஒரே ஒரு திறனில் மட்டும் சந்தேகம், மற்றபடி பிள்ளை கண்ணைப் பார்த்துச் சிரித்து விளையாடுகிறது என்றால் குழந்தை மருத்துவர். பேச்சு என்றால் காது டெஸ்ட். கூடவே போனையும் டி.வி.யையும் எடுத்துவிடுங்கள். இரண்டு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்பதுதான் இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கத்தின் நிலை. ஆனால் "போனை நிறுத்திவிட்டோம், சரியாகிவிடும்" என்று மதிப்பீட்டைத் தள்ளிப்போட வேண்டாம், இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கட்டும்.

இரண்டு மூன்று துறைகளில் பின்தங்கல், குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் அழவில்லை, பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில் (என்.ஐ.சி.யு.) இருந்த பிள்ளை, வலிப்பு வந்த பிள்ளை: நேராக மாவட்ட மையம் அல்லது பெரிய மருத்துவமனையின் வளர்ச்சிப் பிரிவு. தெரபி நீண்ட காலம் தேவைப்படலாம், சான்றிதழும் தேவைப்படலாம். தொடக்கத்திலிருந்தே அரசுப் பதிவேட்டில் இருப்பது பின்னால் அலைச்சலைக் குறைக்கும்.

மையம் தொலைவு, இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், பணம் ஓரளவு புரட்ட முடியும் என்றால் இரண்டையும் கலக்கலாம். மதிப்பீட்டை அரசு மையத்திலோ சி.எம்.சி. போன்ற இடத்திலோ செய்துகொண்டு, வாராந்திரத் தெரபியைப் பக்கத்துத் தனியாரில் வைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை முதலில் பார்த்த இடத்திலேயே மறுமதிப்பீடு. அளப்பவரும் விற்பவரும் வேறு வேறு ஆளாகிவிடுகிறார்கள். வசதி இருக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதைத்தான்.

எங்கே கேட்டாலும் தேதி தள்ளிப்போனால், காத்திருக்கும் வாரங்களில் சும்மா இருக்க வேண்டாம். தெரபி தொடங்க நோயின் பெயர் முடிவாக வேண்டிய அவசியமில்லை.

## போகும்போது கையில்

பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி. அதில் எத்தனை வாரத்தில் பிறந்தது, எடை, அழுததா என்பதெல்லாம் இருக்கும். தாய் சேய் அட்டை. காது பரிசோதனை செய்திருந்தால் ரிப்போர்ட். எந்தத் திறன் எந்த மாதத்தில் வந்தது என்று ஒரு தாளில். தலை நின்றது, குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, நடந்தது, முதல் வார்த்தை. பாட்டியிடம் கேட்டால் சரியாகச் சொல்வார், "ஆடிப் பதினெட்டு அன்னிக்குத்தான் எழுந்து நின்னான்" என்று.

போனில் நாலைந்து சின்ன வீடியோக்கள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் போதும். சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, பெயர் சொல்லிக் கூப்பிடும்போது, வேறு பிள்ளையோடு இருக்கும்போது. மருத்துவமனையில் பிள்ளை அழுதே தீர்த்தாலும் இந்த வீடியோ பேசும். பிள்ளை தூங்கும் நேரத்தில் அப்பாயின்ட்மென்ட் வாங்காதீர்கள், பசியோடும் கூட்டிப்போகாதீர்கள். வீட்டில் பிள்ளையை அதிக நேரம் பார்த்துக்கொள்பவர் யாரோ, அது பாட்டியானாலும் ஆயாவானாலும், அவரையும் கூட்டிப்போங்கள்.